இடது குரல்நாண்

நவம்பர் 11, திங்கள்

ரிஸ்வான் சொன்னதால் இதை எழுதத் தொடங்குகிறேன். பிப்ரவரி முதல் தேதி பெங்களூரில் பீட்பாக்ஸ் போட்டி, வாயாலேயே தாளம் போடுவது. நாங்கள் இருவரும் ஜோடிப் பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறோம். அதுவரை தினமும் என்ன பயிற்சி செய்தோம், எந்தச் சத்தம் சரியாக வந்தது, எது வரவில்லை என்று குறித்து வைக்க வேண்டுமாம். அவன் மொபைல் பழுது பார்க்கிறவன். எதையும் கழற்றினால் திருகு எண்ணி வைக்கிற பழக்கம் அவனுக்கு. நான் உடற்கல்வி ஆசிரியை. இந்த நோட்டே பள்ளி விளையாட்டுச் சாமான் பதிவேட்டில் மிஞ்சியதுதான். முதல் நான்கு பக்கங்களில் கைப்பந்து, ஸ்கிப்பிங் கயிறு எண்ணிக்கை இருக்கிறது.

இன்றைய விவரம்: உதட்டில் அடிக்கும் 'ப்' நன்று. பல்லிடுக்கு 'த்ஸ்' நன்று. அண்ணத்து 'க்' நன்று. தொண்டை பேஸ், அடியிலிருந்து எழும் கனத்த சத்தம், வரவில்லை. சளி.

நவம்பர் 13, புதன்

காலையில் ஓமவல்லிச் சாறு. சாயங்காலம் மிளகுப் பால். பயிற்சி இல்லை.

நவம்பர் 16, சனி

ரிஸ்வான் கடைக்குப் பின்னால் இருக்கும் பார்க்கிங்கில் பயிற்சி. எங்கள் வீடு இருக்கும் சிங்காநல்லூரிலிருந்து நேர் பஸ் உண்டு. நான் இரண்டு பஸ் மாறித்தான் போவேன். நேர் பஸ் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வழியாகப் போகிறது, கூட்டம்.

அரை மணி நேரத்தில் ரிஸ்வான் நிறுத்திவிட்டு ஹெட்போனை நீட்டினான்.

"அக்கா, இது மார்ச்ல எடுத்தது. இது இன்னைக்கு. கேளுங்க."

கேட்டேன். மார்ச்சில் என் பேஸ் கனமாக, ஒரே கோடாக ஓடுகிறது. இன்றைக்கு அதன் நடுவில் காற்று கசிகிறது, கிழிந்த ஸ்பீக்கர் போல.

"உன் மைக் சரியில்ல."

"மைக் அதேதான்க்கா."

"அப்ப இந்த இடம். எதிரொலிக்குது."

"பேசறப்பவும் அப்படித்தான்க்கா இருக்குது. ஏழெட்டு மாசமா."

ஏழெட்டு மாதம் இல்லை. நான்கு மாதம். ஜூலை 9 காலையில் முதலில் வந்தது.

பீட்பாக்ஸைக் கல்லூரி விடுதியில் இன்டர்நெட் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அறைத் தோழிகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படிப்பார்கள். லீவுக்கு வீட்டுக்குப் போனால் அப்பா மட்டும், "அந்த ரயில் சத்தத்தைப் போடு அம்மிணி" என்று கேட்பார். தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கு ரயிலில் போகத்தான் ஆசை. 2016இல் தவறிவிட்டார்.

அம்மா இந்த வாரம் ஒன்பது பிளவுஸ் தைத்தாள். நான் கொக்கி வைத்தேன்.

நவம்பர் 20, புதன்

காலை வழிபாட்டில் "அட்டென்ஷன்" என்று ஆரம்பித்தேன். "அட்" வந்தது. மீதி வரவில்லை. நானூறு பிள்ளைகள். முதலில் அமைதி, பிறகு ஆறாம் வகுப்பு வரிசையிலிருந்து சிரிப்பு. மறுபடி முயன்றேன், காற்று மட்டும் வந்தது. விசிலை எடுத்து ஊதிச் சமாளித்தேன்.

பிரின்சிபல் மேடம் அறைக்குக் கூப்பிட்டார். "வினோதினி, டாக்டர்ட்ட காட்டுனீங்களா?"

"சளி மேடம்."

"ஜூலைலயும் சளின்னுதான் சொன்னீங்க. சனிக்கிழமை வர வேண்டாம். போய்க் காட்டிட்டு வாங்க."

நவம்பர் 23, சனி

காது மூக்கு தொண்டை டாக்டர் பெயர் வசுமதி. ஐம்பது வயதிருக்கும். அவசரமில்லாமல் பேசுகிறார். உள்ளே போகும் முன் ஒரு தாள் கொடுத்தார்கள், நிறையக் கட்டங்கள். சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா, புகையிலை உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இது உண்டா, அது உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை என்று டிக் அடித்தேன். பேனா சரியாக எழுதவில்லை.

மூக்கில் ஒரு மருந்து அடித்தார், வேப்பங்கசப்பு. பிறகு மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டார். எதிரே டிவியில் என் தொண்டை. ஈரமான இளஞ்சிவப்பு. நடுவில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் கவட்டை போல விரிந்து சேர்ந்தன. இடதுபக்கப் பட்டையின் ஓரத்தில் பாசிப்பயறு அளவில் சிவப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது. சேரும்போதெல்லாம் அது நடுவில் மாட்டிக்கொண்டது.

"தெரியுதுங்களா? அதான் உங்க குரல்நாண். அந்தக் கட்டினாலதான் மூட முடியல. என்ன வேலை பாக்கறீங்க?"

"பி.டி. டீச்சர். ஒன்பது வருசமா."

"வேற ஏதாச்சும்? பாட்டு, மேடைப்பேச்சு?"

"பீட்பாக்ஸ் பண்ணுவேன்."

"அப்படின்னா?"

"வாயாலயே டிரம்ஸ் அடிக்கறது."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதுதான் காரணமா இருக்கும். குழாய் உள்ளதான இருக்கு, இப்பவே பண்ணுங்க. பாத்துடலாம்."

மூக்கில் குழாயோடு பீட்பாக்ஸ் செய்த முதல் ஆள் கோயம்புத்தூரில் நானாகத்தான் இருப்பேன். சாதாரண நான்கு எண்ணிக்கைத் தாளம்தான் போட்டேன். ப், த்ஸ், க், த்ஸ். டிவியில் நாக்கின் வேர் குதிக்கிறது, தொண்டைச் சுவர் நெருங்கி விலகுகிறது, மேலே ஒரு மூடி படபடக்கிறது. நடுவில் அந்த இரண்டு பட்டைகள் மட்டும் ஒன்றையொன்று தொடாமல் சும்மா நின்றன. வேகத்தைக் கூட்டினேன். அப்போதும் தொடவில்லை.

டாக்டர் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அருள், கொஞ்சம் இங்க வாங்களேன்."

பேச்சுப் பயிற்சியாளர் அருள்செல்வன் வந்தார். அவருக்குப் பின்னால் மருந்து கொடுக்கும் பெண்ணும் வந்து நின்றாள். தொண்டை பேஸ் போடச் சொன்னார்கள். கசிவோடு போட்டேன். குரல்நாணுக்கு மேலே இருந்த சதைமடிப்புகள் நெருங்கி நடுங்கின.

"இது கொஞ்சம் பாரந்தான் மேடம்," என்றார் அருள்செல்வன். "ஆனா கட்டி இருக்கற இடத்துல இவ்வளவு அடி விழல." பிறகு என்னிடம், "கிரவுண்ட்ல பசங்கள எப்படிக் கூப்பிடுவீங்க? அப்படியே கூப்பிடுங்க."

"எட்டாவது பி, லைன்ல நில்லுங்க."

டிவியில் இரண்டு பட்டைகளும் கைதட்டுவது போல மோதின. அந்தச் சிவப்பு நசுங்கிப் பிதுங்கியது. பார்க்கவே வலித்தது.

"இதான்," என்றார் டாக்டர். "ஒன்பது வருசமா தினம் இப்படியா?"

ஆமாம் என்றேன். எனக்குள் ஏதோ இறங்கியது. நான்கு மாதமாக, ஆசைப்பட்டுச் செய்த ஒரே காரியத்தால்தான் இது வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சம்பளத்துக்குச் செய்ததால் வந்திருக்கிறது.

"பாலிப் மாதிரிதான் தெரியுது, சாதாரண சதை வளர்ச்சி. ஆனா ஒரு பக்கம் மட்டும் இருக்கறதால எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிருவோம். ரொம்பத் தள்ளிப் போட வேண்டாம்."

"பிப்ரவரில ஒரு போட்டி இருக்கு. அதுக்கப்பறம்..."

"பிப்ரவரி வேண்டாமுங்க."

வீட்டில், டாக்டர் என்ன சொன்னார் என்று அம்மா கேட்டாள். கத்தக்கூடாதாம் என்றேன். அவள் தலையசைத்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

நவம்பர் 24, ஞாயிறு

மொட்டை மாடித் தொட்டி கழுவினேன். வீட்டு ஃபேன் எல்லாம் துடைத்தேன். ஷூ நான்கு ஜோடி துவைத்தேன். உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் 28, வியாழன்

மதிய இடைவேளையில் விளையாட்டுச் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டேன்.

"டாக்டர், அந்தத் தாள்ல ஒண்ணு தப்பா எழுதிட்டேன்."

"என்னங்க?"

"எங்கப்பாவுக்குத் தொண்டையிலதான். ஐம்பத்து மூணு வயசு. குரல்தான் முதல்ல போச்சு."

"பீடி சிகரெட் இருந்துச்சுங்களா?"

"பீடி."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம் வினோதினி. திட்டறதுக்காகச் சொல்லல. இத்தன நாளா நீங்க ஒருத்தரே இத வெச்சுட்டு இருந்திருக்கீங்க, அதுக்காகச் சொல்றேன். எனக்குப் பாத்தவரைக்கும் அப்படித் தெரியல. ஆனா கண்ணால பாத்து நான் முடிவு சொல்லக் கூடாது. அடுத்த வியாழன் வெச்சுக்கலாமா?"

சரி என்றேன். பிறகு வலை கிழிந்த பூப்பந்து மட்டைகளைத் தனியாக எடுத்து அடுக்கினேன். பதினொன்று.

டிசம்பர் 1, ஞாயிறு

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஏழு நாள் வாய் திறக்கக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. அதை அம்மாவிடமிருந்து மறைக்க முடியாது. சேலத்தில் பயிற்சி முகாம் என்று சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ரிஸ்வானின் அக்கா வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று அவனும் சொன்னான்.

இன்று காலை அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து உரித்தேன். பாதி கூடை முடிந்ததும் சொன்னேன்.

"அம்மா, தொண்டைல சின்னக் கட்டி. வியாழக்கிழமை எடுக்கறாங்க."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும் கண்ணு."

"என்ன தெரியும்?"

"ஆனி முடிய பத்து நாள் இருக்கறப்ப, ஒரு நாள் காத்தால நீ பால் வாங்கப் போறேன்னு சொன்னியே, அன்னைக்கே தெரிஞ்சுச்சு. உங்கப்பனுக்கும் காத்தால எந்திரிச்சதும்தான் மொதல்ல மாறுச்சு."

ஆனி முடியப் பத்து நாள் என்றால் என் ஜூலை 9 கிட்டத்தட்ட அதேதான்.

"அப்பறம் ஏம்மா கேக்கல?"

"தெனமும் காத்தால நீ பேசறதுக்காக முழிச்சுட்டே படுத்திருப்பேன். இன்னைக்கு நல்லாயிருக்கும், இன்னைக்கு நல்லாயிருக்கும்னு. நான் வாயத் தொறந்து கேட்டுப்போட்டா அது நெசமாயிரும்னு இருந்துச்சு சாமி."

இரண்டு பேரும் மொச்சை முழுவதையும் உரித்து முடித்தோம். குழம்புக்கு வேண்டியதைவிட மூன்று மடங்கு இருந்தது. கீழ் வீட்டுக்குக் கொடுத்தேன்.

டிசம்பர் 4, புதன்

கடைசிப் பேச்சு நாள். ரிஸ்வான் போனில் கேட்டான், "அக்கா, ஏதாச்சும் சொல்லணும்னா இப்பவே சொல்லிருங்க, ஒரு வாரத்துக்குக் கெடைக்காது." யோசித்தேன். கடை ஷட்டரைப் பூட்டாமல் டீ குடிக்கப் போகாதே என்று சொன்னேன்.

டிசம்பர் 5, வியாழன்

காலை ஆறு மணி. தண்ணீர்கூடக் கிடையாது. அம்மா குளித்துத் தயாராக இருக்கிறாள்.

டிசம்பர் 6, வெள்ளி

முடிந்தது. மயக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாக்கு மரத்திருக்கிறது, உதட்டோரம் லேசாகக் கிழிந்திருக்கிறது. கட்டியைச் சின்ன டப்பாவில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். டப்பாவை அம்மா பார்த்தாளாம். "ஒரு கடுகாட்டந்தான் இருந்துச்சு," என்றாள். பாசிப்பயறு என்று எழுதிக் காட்டினேன். கடுகுதான் என்று அடித்துச் சொன்னாள்.

முடிவு 12ஆம் தேதி.

டிசம்பர் 7, சனி

ஒரு வேடிக்கை. பேச முடியாதது எனக்கு மட்டும்தான். ஆனால் எல்லோரும் என்னிடம் சைகையில் பேசுகிறார்கள். பால்காரர் இரண்டு விரலைக் காட்டி, இரண்டு பாக்கெட்டா என்று புருவத்தால் கேட்கிறார். அம்மா என் காதருகே வந்து கிசுகிசுக்கிறாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று சிலேட்டில் எழுதி வாசலில் மாட்டினேன்.

சாயங்காலம் ரிஸ்வான் வந்தான். அவன் மட்டும் எப்போதும் போலப் பேசினான், மூன்று ஆளுக்கும் சேர்த்து.

"போட்டிக்காரங்க கிட்ட கேட்டேன்க்கா. ஜோடிப் பிரிவுல ஆள மாத்தணும்னாலோ விலகணும்னாலோ இருபதாந் தேதிக்குள்ள சொல்லிரணுமாம்."

தனியாகப் போ, ஒற்றையர் பிரிவு இருக்கிறது என்று எழுதினேன்.

"போகலக்கா."

உன் பேஸ் இப்போது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. இதையும் எழுதினேன். பேசியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அவன் சிலேட்டை வாங்கி, அழித்து, 'இருபதாந் தேதி பாக்கலாம்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தான். அம்மா அவனுக்கு மொச்சைக் குழம்போடு சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போனான்.

டிசம்பர் 9, திங்கள்

சத்தம் போடக் கூடாதே தவிர, கேட்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. நாள் முழுவதும் ஹெட்போன்.

பழைய ஆட்களிலிருந்து ஆரம்பித்தேன். எண்பதுகளின் நியூயார்க். தாள இயந்திரம் இல்லாத இடத்தில் தெருமுனையில் வாயே இயந்திரமானது. டக் ஈ ஃப்ரெஷ் நாக்கைச் சொடுக்கும் சொடுக்கில் எத்தனை சுத்தம். பஃபி பெருமூச்சையே தாளமாக்கியவர், மூச்சு உள்ளே போவதும் கேட்கும், வெளியே வருவதும் கேட்கும். பிஸ் மார்க்கியிடம் சிரிப்பு இருக்கும். ராசெல் ஒரே வாயில் தாளத்தையும் பாட்டையும் சேர்த்துத் தரும்போது இன்றைக்கும் எனக்கு இரண்டாவது ஆளைத் தேடத் தோன்றும். பிறகு கைலா மல்லடி. பெண்கள் பிரிவில் இரண்டு முறை உலகப் பட்டம் வென்றவர். விடுதியில் இருந்த நாட்களில் இந்தக் கலையில் பெண்கள் உண்டா என்று தேடித் தேடிப் பார்ப்பேன். பேச்சையும் தாளத்தையும் இவர் பின்னுவதைப் பார்த்த பிறகு தேடுவதை விட்டேன்.

கேட்கும்போது என் நாக்கு தானாக அண்ணத்தில் ஒட்டி எழும்புகிறது. வாயை மூடி, பற்களை இறுக்கிக்கொண்டு கேட்டேன்.

இந்தக் காணொளிகளில் யாராவது குரல் போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டா என்றும் தேடினேன். சும்மா தகவலுக்கு.

டிசம்பர் 11, புதன்

அம்மாவின் தையல் மெஷின் ஓரிடத்தில் 'டக்' என்று ஒரு தையலைத் தாண்டுகிறது. எண்ணெய் விட்டேன். சரியாகவில்லை. ஏழுக்கு ஒன்று.

நாளை பன்னிரண்டு.

டிசம்பர் 12, வியாழன்

முடிவு வரவில்லை. பரிசோதனைக்கூடத்தில் இன்னொரு முறை பார்க்க எடுத்திருக்கிறார்களாம். சனிக்கிழமை வரச் சொன்னார்கள். ஏன் இன்னொரு முறை என்று எழுதிக் கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண்ணுக்குத் தெரியவில்லை. வழக்கமாக நடப்பதுதான் என்றாள்.

இன்றோடு ஏழு நாள் முடிகிறது, இனி கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம் என்றார் அருள்செல்வன். ஒரு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம். நான் பேசவில்லை. சனிக்கிழமை பேசிக்கொள்ளலாம்.

டிசம்பர் 13, வெள்ளி

அம்மா நான்கு பிளவுஸ் வெட்டினாள். நான்கும் அளவு தவறு.

டிசம்பர் 14, சனி

கெட்ட கட்டி இல்லை.

அதை முதலில் எழுதிவிட்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன்.

பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். டாக்டர் வசுமதி எங்களை வைத்துக்கொண்டு தாளைப் பிரிக்கவில்லை. ஏற்கனவே படித்திருந்தார். நாங்கள் நாற்காலியை இழுக்கும்போதே சொன்னார்.

"ஒண்ணும் இல்லைங்க. சாதாரண பாலிப். கத்தி கத்தி வந்தது."

அம்மா முன்னால் சாய்ந்தாள். "ஏனுங்க டாக்டர், அந்தத் தாள்ல என்ன போட்டிருக்குதோ அத அப்படியே படிச்சுச் சொல்லுங்."

டாக்டர் ஆங்கிலத்தில் படித்து, ஒவ்வொரு வரிக்கும் தமிழ் சொன்னார். வியாழக்கிழமை இன்னொரு முறை பார்த்தது அப்பாவின் விவரம் இருந்ததால் தானே கேட்டுக்கொண்டதுதான், இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒரே முடிவைச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

"இன்னொருக்கா படியுங்."

இன்னொரு முறை படித்தார்.

"தமிழ்ல எழுதித் தருவீங்ளா? எனக்கு இங்கிலீசு வராதுங். வீட்ல போய் எடுத்துப் பாத்தா புரியோணும்."

மருந்துச் சீட்டு எழுதும் தாளை இழுத்து, 'வினோதினிக்கு எடுத்தது கெட்ட கட்டி இல்லை. பயப்பட வேண்டாம்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார் டாக்டர். அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். பிறகு எழுந்து, "கொஞ்சம் வெளிய போய்ட்டு வர்றனுங்," என்று போய்விட்டாள்.

"எங்க, பேசுங்க பாக்கலாம்," என்றார் டாக்டர்.

ஒன்பது நாள் கழித்து முதல் வார்த்தை. "தேங்க்ஸ் டாக்டர்," என்றேன். மெல்லியதாக, கொஞ்சம் உயரமாக, புதுச் செருப்பு போல ஒரு குரல் வந்தது. நடுவில் கசிவில்லை.

அம்மா வராந்தாவின் கோடியில், கைகழுவும் இடத்தில், குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அருகே போய்க் குழாயை மூடினேன்.

"பசிக்குது," என்றாள்.

எதிரே இருந்த கடையில் அவள் இரண்டு மசால் தோசை சாப்பிட்டாள். அம்மா ஒரு தோசைக்கு மேல் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நேர் பஸ்ஸில் ஏறினோம். அப்பா கடைசியாகப் படுத்திருந்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வலதுபக்கம் வந்து போயிற்று. கட்டடத்துக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

டிசம்பர் 15, ஞாயிறு

ஒன்பது மணி வரை தூங்கினேன்.

டிசம்பர் 20, வெள்ளி

கெடு நாள். ரிஸ்வானிடம் விலக வேண்டாம் என்றேன். "சரிங்க்கா," என்றான், விலகும் எண்ணமே இல்லாதவன் போல. போனை வைக்க மறந்துவிட்டான். கடையில் யாரிடமோ உரக்க, "அக்கா வர்றாங்க," என்று சொன்னது கேட்டது.

டிசம்பர் 28, சனி

அருள்செல்வனிடம் மூன்றாவது வகுப்பு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா விட்டு, ஊ என்று சத்தத்தோடு ஊத வேண்டும். குமிழ் ஒரே சீராக வர வேண்டும். முப்பத்தொரு வயதில் இதற்கு மார்க் போடுகிறார்கள்.

தொண்டை பேஸ் மூன்று மாதம் கிடையாது. ஜனவரி முதல் வாரத்திலிருந்து உதடு, நாக்கு, பல் சத்தங்கள் மட்டும், பத்துப் பத்து நிமிடமாக. கத்துவது இனி எப்போதும் கிடையாது.

"பேஸ் இல்லாம என்னங்க பண்றது?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? அன்னைக்கு ஸ்க்ரீன்ல பாத்தேன், உங்க நாக்கு எங்கெங்கயோ போகுது. பேஸ்தான் வேணும்னு அதுக்கு ஒண்ணும் கட்டாயம் இருக்கற மாதிரித் தெரியல."

ஜனவரி 8, புதன்

பிரின்சிபல் மேடம் இடுப்பில் மாட்டும் மைக் ஒன்று வாங்கி வைத்திருந்தார். டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டார், காட்டினேன். படித்து முடித்துவிட்டு, "எங்க மூத்த அண்ணனுக்கும் இப்படித்தான் பயந்தோம்," என்றார். ரிப்போர்ட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

இன்று கூட்டு உடற்பயிற்சிக்கு நான் எண்ணிக்கை சொல்லவில்லை. மைக்கில் தாளம் போட்டேன். எட்டாம் வகுப்பு பி பிரிவு முதல் முறையாக ஒரே நேரத்தில் கையைத் தூக்கியது. மதியம் நான்கு பெண்கள் வந்து எப்படி மிஸ் என்று கேட்டார்கள். 'புட்டு, தட்டு, கட்டி, தட்டு' என்று வேகமாகச் சொல்லுங்கள், பிறகு எழுத்தை விழுங்கிவிட்டு மூச்சை மட்டும் விடுங்கள் என்றேன். மணி அடிக்கும்வரை மரத்தடியில் எச்சில் தெறித்தது.

ஜனவரி 19, ஞாயிறு

புது நிகழ்ச்சி தயார். அடித்தளம் முழுவதும் ரிஸ்வான். நான் மேலே. நாக்குச் சொடுக்கு, உதட்டு உருட்டல், உள்ளிழுக்கும் 'க்', தகரத்தில் மழை விழுவது போன்ற பல் சத்தம். முன்பு பேஸை நம்பியே எல்லாவற்றையும் கட்டுவேன். அது நன்றாக இருந்தது என்பதைவிட, பெண்ணுக்கு இவ்வளவு கனமா என்று ஆட்கள் திரும்பிப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. இதை ரிஸ்வானிடம் சொல்லவில்லை. அவன் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, "அக்கா, இதுல நீங்க என்ன பண்றீங்கன்னு இப்பத்தான் கேக்குது," என்றான்.

பிப்ரவரி 1, சனி. பெங்களூரு

அம்மாவும் வந்திருக்கிறாள். பிளவுஸ் வேலையைக் கீழ் வீட்டில் ஒப்படைத்துவிட்டு, எலுமிச்சைச் சோற்றோடு.

ஜோடிப் பிரிவில் பதினாறு அணிகள். மதியம் இரண்டு மணிக்கு முதல் சுற்று. ஹைதராபாத்திலிருந்து வந்த இருவரோடு. முதல் 'ப்' மட்டும் கொஞ்சம் மெலிந்து விழுந்தது. பிறகு ரிஸ்வானின் பேஸ் தரை வழியாக என் காலுக்கு ஏறியது, நான் அதன்மேல் ஏறிக்கொண்டேன். மழைச் சத்தம் போட்டபோது அரங்கம் அமைதியானது. மூன்று நடுவர்களும் எங்கள் பக்கம் கை காட்டினார்கள்.

காலிறுதியில் கொச்சிக்காரர்கள். இரண்டுக்கு ஒன்று, தோற்றோம். அவர்களுடையது நன்றாக இருந்தது. ஒரு பையன் அடித்த தொண்டை பேஸில் நாற்காலி அதிர்ந்தது. கேட்டுக்கொண்டே நின்றேன். பொறாமை வரும் என்று காத்திருந்தேன், பசிதான் வந்தது.

கீழே இறங்கியதும் ரிஸ்வான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "ஒரே ஒரு ஓட்டுக்கா."

"ஆமா."

"சிரிக்கறீங்க?"

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன் போல. அவனும் கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டான். அம்மா எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். கொச்சிக்காரர்களும் வந்து சாப்பிட்டார்கள்.

பிப்ரவரி 2, ஞாயிறு. ரயிலில்

மதிய ரயில். ஜன்னலோரம் நான், நடுவில் அம்மா, அந்தப் பக்கம் ரிஸ்வான். எதிரே ஈரோட்டுக்குப் போகும் ஒரு தம்பதி. எதற்காக வந்தீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார்.

"என்ற புள்ள வாயிலயே மேளம் அடிப்பா," என்றாள் அம்மா. "போட்டிக்கு வந்தோம். பதினாறு பேர்ல எட்டுக்குள்ள வந்துட்டா." ஜோடியில் தன்னை விட்டுவிட்டதை ரிஸ்வான் பொருட்படுத்தவில்லை.

கேட்கலாமா என்றார்கள். சேலம் வர அரை மணி நேரம் இருந்தது, வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது. மெதுவாக, ரயில் ஓடுகிற வேகத்துக்கே தாளத்தைப் பிடித்தேன். ரிஸ்வான் அடியில் சேர்ந்துகொண்டான். பக்கத்து இருக்கைகளிலிருந்து இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். யாரோ கைதட்டினார்கள். ஒரு குழந்தை இன்னொன்று என்று கேட்டது.

இரண்டாவதன் பாதியில் தோளில் பாரம் தெரிந்தது. அம்மா சாய்ந்திருந்தாள். வாய் லேசாகத் திறந்து, மூக்குக்கண்ணாடி சரிந்து, ஆழ்ந்த தூக்கம். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை.

எதிரே இருந்தவர் கையைத் தாழ்த்தி, "அம்மா தூங்கறாங்க, போதுமுங்க," என்று மெதுவாகச் சொன்னார்.

நான் தலையசைத்தேன். ஆனால் நிறுத்தவில்லை. நிறுத்தினால் விழித்துக்கொள்வாள் என்று தோன்றியது. ப், த்ஸ், க், த்ஸ், சின்னதாக, சேலம் வரும்வரை.